ஒன்பது நிமிஷம் பார்க்கிற ஆள்

ஷெட்டு வாடகைக்கு இல்லீங்க தம்பி. அதை மொதல்லயே சொல்லிடறேன், அப்பறம் டீயைக் குடிச்சுட்டு ஏமாந்த மாதிரி இருக்கக் கூடாது பாருங்க. உங்களை அனுப்புனது என்ற கொழுந்தனார் நாச்சிமுத்துதானே? தெரியும். நீங்க நாலாவது ஆளு. மொத வந்தவர் சிமெண்டு மூட்டை அடுக்கோணும்னாரு. அப்பறம் ஒருத்தர் கோழித் தீவனம்னாரு. உங்களுக்கு டைல்ஸா? நல்ல வியாபாரந்தான், ஆனா இங்க இல்ல. வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க. ஐயோ அதுல வேண்டாமுங்க, அது கமோடு சேரு, நடுவுல ஓட்டை இருக்கும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க.

நாங்க செய்யறது இதாங்க. வயசானவங்க, அடிபட்டவங்க, எந்திரிக்க முடியாதவங்க, அவங்களுக்கு வேண்டிய சாமான். கமோடு சேரு, குளிக்கற ஸ்டூலு, வாக்கரு, கட்டில் ஓரத்துல மாட்டற கைப்பிடிக் கம்பி. என்ற ஊட்டுக்காரர் குழந்தைவேலு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால ஆரம்பிச்சது. மெடிக்கல் சாமான் கடைங்களுக்கு மொத்தமா போடுவாரு. கடைக்காரங்க எல்லாம் அவர் முகத்துக்காக வாங்குனவங்க. போன வருஷம் ஆடியில அவருக்குப் பக்கவாதம் வந்துருச்சு. வலது கை, வலது கால், பேச்சும் கொஞ்சம் குழறும். மத்தபடி ஒண்ணுமில்லீங்க. எந்திரிச்சு வந்துருவாரு. டாக்டர் ஆறு மாசம்னாரு, ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. டாக்டர் சொன்னா சொன்ன தேதிக்கு நடந்துருமா?

அவர் படுத்ததும் கடைக்காரங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. அந்த ஐப்பசியில இந்த ஷெட்டுல மிசின் ஓடின நாளு மொத்தம் ஒம்பது. கொழுந்தனாருக்கு இதுல பாதிப் பங்கு இருக்குது. வந்து உக்காந்து, "அண்ணி, மூடிரலாம், எடத்தை வாடகைக்கு உட்டா நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்"னாரு. உக்காந்து சாப்பிடறதுக்கு எனக்கு என்ன வயசுங்க ஆச்சு, அம்பத்தி மூணு. நான் வெப்சைட் போடறேன்னேன். கடைக்காரன் வேண்டாம், வேணுங்கறவங்களே நேரா வரட்டும்னேன். அவர் சிரிச்சாரு. சரி அண்ணி, அடுத்த ஆடி வரைக்கும் பாருங்க, அப்பவும் இப்படியே இருந்தா நான் சொல்றதைக் கேக்கோணும்னாரு. கேக்கறேன்னேன். வாய்ல வந்துருச்சு, சொல்லிட்டேன்.

ஒரு கம்பெனியில வெப்சைட் செஞ்சு குடுத்தாங்க. பேரு வேண்டாமுங்க. மொத பக்கத்துல 'எர்கோனாமிக் பேஷண்ட் கேர் சொல்யூஷன்ஸ்'னு கொட்டை எழுத்துல போட்டாங்க. அதுக்குக் கீழ கொழுந்தனார் ஏதோ சங்கத்துல கேடயம் வாங்கற போட்டோ. பங்குக்காரராச்சே, போட்டே ஆகோணும்னாரு. மாசக் கடைசியில கம்பெனியில இருந்து ரிப்போர்ட் வந்துச்சு, மூவாயிரத்து இருநூறு ஹிட்ஸ்னு. நான் அதைப் பிரிண்டு எடுத்துட்டுப் போய் கொழுந்தனாரோட கடை மேசையில வெச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. "மூவாயிரம் பேர் வந்தாங்கன்னா ஒருத்தர் கூட ஏன் அண்ணி போன் பண்ணல?"

நான் ரிப்போர்ட்டை எடுத்துட்டுத் திரும்பி வந்துட்டேன். அவர் சொன்னது தப்புன்னு காட்டோணும், அதுக்காகவேதான் நான் இதையெல்லாம் படிச்சேன். வேற எந்தக் காரணமும் இல்ல.

தை மாசம் கணபதி ஏரியாவுல பொம்பளைங்க தொழில் சங்கத்துல ரெண்டு நாள் வகுப்பு வெச்சாங்க. ரெஹானான்னு ஒரு பொண்ணு சொல்லிக் குடுத்துச்சு. ஆறு மாசம் முழுகாம இருந்துச்சு, ரெண்டு நாளும் நின்னுக்கிட்டேதான் பேசுச்சு. நான் என்ற ரிப்போர்ட்டைக் காட்டுனேன். அக்கா, ஹிட்ஸுன்னா ஆளு இல்லீங்க, ஒருத்தர் பக்கத்தைத் தொறந்தா அதுல இருக்கற ஒவ்வொரு படத்துக்கும் ஒண்ணுன்னு ஏறும், இருபது படம் இருந்தா இருபதுன்னுச்சு. அதுல பாதி மனுசங்களே இல்லையாம், ஊர் ஊரா மேயற மிசினாம். ரிப்போர்ட்டை மடிச்சுப் பைக்குள்ள போட்டேன். பக்கத்துல ஊறுகாய் விக்கற அம்மா ஒண்ணு என்னையே பாத்துச்சு.

அப்பறம் அந்தப் பொண்ணு அனலிடிக்ஸ்னு ஒண்ணைக் காட்டுச்சு. காசு இல்லீங்க, சும்மாதான். கம்ப்யூட்டர் பாஷையில ஒரு துண்டு கோடு குடுப்பாங்க, அதை வெப்சைட்டுல ஒட்டோணும். அவ்வளவுதான். யாரு எந்த ஊர்ல இருந்து வந்தாங்க, எதைப் பாத்தாங்க, எத்தனை நேரம் நின்னாங்க, எந்த எடத்துல போயிட்டாங்க, எல்லாம் தெரியும். பேரு தெரியாது, ஊரு கூடச் சில நேரம் மாத்திக் காட்டும். "எத்தனை பேருன்னு பாக்காதீங்க அக்கா, வந்தவங்க என்ன செஞ்சாங்கன்னு பாருங்க"ன்னுச்சு. அதை நான் நோட்டுல எழுதி அடியில ரெண்டு கோடு போட்டேன்.

கம்பெனிக்காரங்க கோடை ஒட்ட மாட்டேன்னாங்க. உங்களுக்கு எதுக்கு மேடம், நாங்கதான் ரிப்போர்ட் தர்றோமேன்னாங்க. பாஸ்வேர்டைக் குடுங்க, நானே ஒட்டிக்கறேன்னேன். நாலு நாள் இழுத்தாங்க. அஞ்சாம் நாள் சாப்பாட்டு டப்பாவோட அவங்க ஆபீஸ்லயே போய் உக்காந்துட்டேன். மத்தியானம் டப்பாவைத் தொறந்தேன், புளிச்சோறு. குடுத்துட்டாங்க.

ஒட்டுன மொத நாளு சாயங்காலம் பாக்கறேன், வந்தவங்க ஒண்ணு, பாத்த பக்கம் நாப்பத்தொண்ணு, ஊரு நம்ம கோயம்புத்தூருன்னு காட்டுது. எனக்குத் தலைகால் புரியல. ஒரே ஆளு நாப்பத்தோரு தடவை பாத்திருக்கான்னா பெரிய ஆஸ்பத்திரியாத்தான் இருக்கோணும். கொழுந்தனாருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன். அப்பறந்தான் ரெஹானாவுக்குப் போட்டேன். அந்தப் பொண்ணு, "அக்கா, அது நீங்கதான்"னுச்சு.

நாந்தாங்க. காலையில இருந்து வந்துருச்சா வந்துருச்சான்னு நாந்தான் தொறந்து தொறந்து பாத்திருக்கேன். சிரிக்கறீங்களா, சிரிங்க. என்ற கடையை நான் பாக்காம யாரு பாக்கறது? ஆனா அன்னைக்கே ஷெட்டு கம்ப்யூட்டரையும் என்ற போனையும் கணக்குல சேராம அடைச்சுட்டேன். அதுக்கு ஒரு வழி இருக்குது, அதையும் அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு. அடைச்சதும் என்ன ஆச்சுன்னா, ஒரு வாரத்துக்கு நாலு பேரு. மூவாயிரத்து இருநூறு போய் நாலு. கொழுந்தனார் கேட்டாரு, இப்ப எத்தனை அண்ணின்னு. நாலுன்னேன். நாலாயிரமான்னாரு. நாலுதான், ஆனா நிசமான நாலுன்னேன்.

அந்த நாலு பேரும் மொத பக்கத்துல பன்னண்டு செகண்டு நின்னுட்டுப் போயிட்டாங்க. பன்னண்டு செகண்டுல என்ன தெரியும், கேடயமும் கொழுந்தனார் பல்லும் தெரியும். போட்டோவைத் தூக்குனேன். அதுக்கு ஒரு சண்டை. அவர் பொண்டாட்டி எனக்குப் போன் போட்டு, எங்க ஊட்டுக்காரரை அசிங்கப்படுத்திட்டீங்கன்னாங்க. நான் படுத்தலீங்க, கணக்கு சொல்லுதுன்னேன். அதுக்கப்பறம் அந்த ஊட்டுல நடந்த சீர் விசேஷத்துக்கு எனக்குப் பத்திரிகை வரல. வராட்டிப் போகுது.

அப்பறம் இன்னொண்ணு இருக்குதுங்க. நம்மளைத் தேடி வர்றவங்க என்ன வார்த்தையைப் போட்டுத் தேடுனாங்கன்னு அதுலயே ஒரு எடத்துல தெரியும். நான் எர்கோனாமிக்குன்னு யாராவது தேடியிருப்பாங்களான்னு பாத்தேன். ஒருத்தரும் இல்ல. என்ன தேடியிருக்காங்கன்னா, 'அம்மா பாத்ரூம்ல விழுந்துட்டாங்க என்ன வாங்கறது'. 'கால் மடக்க முடியாதவங்க உக்கார நாற்காலி'. 'அப்பாவை ஒரு ஆளா தூக்க முடியல'. இப்படித்தான் எழுதறாங்க, கடவுள்கிட்ட எழுதிப் போடற மாதிரி. அதைப் படிச்சுட்டு நான் இங்கயே, நீங்க இருக்கற இடத்துலதான், ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். ஜனங்க சாமான் பேரைத் தேடறதில்லீங்க, அவங்க கஷ்டத்தைத்தான் தேடறாங்க. இது கடைக்காரங்களுக்குத் தெரியாது, அந்தக் கம்பெனிக்காரங்களுக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சுது.

நானே எல்லாப் பக்கத்தையும் மாத்தி எழுதுனேன். கமோடு சேரு பக்கத்துக்கு மேல, 'குத்த வெச்சு உக்கார முடியாதவங்களுக்கு'ன்னு போட்டேன். கட்டில் கம்பிக்கு, 'படுக்கையில இருந்து யாரோட கையையும் பிடிக்காம எந்திரிக்க'ன்னு போட்டேன். கூடவே எங்க ஊட்டுக்காரர் எந்தக் காலத்துலயோ போட்டு வெச்ச அளவுப் படத்தையும் ஏத்துனேன். எத்தனை உசரம், கட்டில் சட்டம் எத்தனை அகலம்னு எல்லாம் அதுல இருக்கும்.

பங்குனியில வாரம் முப்பது பேரு. சித்திரையில தொண்ணூறு. ஆனா போனு வரல. ஏன்னு பாத்தா, அறுபத்தி மூணு பேரு ஆர்டர் எழுதற பக்கம் வரைக்கும் வந்திருக்காங்க, ரெண்டே பேருதான் எழுதியிருக்காங்க. அந்தப் பக்கத்துல ஒம்பது கட்டம். பேரு, நிறுவனம், மெயிலு, ஜிஎஸ்டி நம்பரு, பின்கோடுன்னு. அம்மாவைத் தூக்க முடியாம கெடக்கறவங்ககிட்ட ஜிஎஸ்டி நம்பர் கேட்டா? ஏழு கட்டத்தைத் தூக்கிப் போட்டேன். ரெண்டுதான் வெச்சேன். ஒண்ணு போன் நம்பரு. இன்னொண்ணு, 'உங்க கஷ்டம் என்ன?' அவ்வளவுதான்.

வந்துச்சுங்க. மொத வந்தது ஆம்பூர்ல இருந்து. அப்பறம் நாகர்கோயிலு, வேலூரு, மெட்ராசு. நான் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டு, அம்மா உசரம் என்ன, கட்டில் என்ன கட்டிலுன்னு கேட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி காதர் அண்ணன்கிட்டச் சொல்லுவேன். காதர் அண்ணன் எங்க வெல்டரு, மொத நாள்ல இருந்து இருக்கறவரு. ஆடி பொறந்தப்ப மிசினு வாரத்துல ஆறு நாளும் ஓடுச்சு. கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுனேன். ஓரமா நின்னு பாத்தாரு. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாரா? சொல்லல. இன்னும் ஆளுங்களை அனுப்பிட்டுத்தான் இருக்காரு. நீங்களே வந்திருக்கீங்களே.

இதோட முடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆவணியில ஒரு விசயம் கண்ணுல பட்டுச்சு. தினமும் காலையில பத்துக்கு மேல ஒரு ஆளு வர்றான். கோயம்புத்தூருதான். மத்த எதையும் பாக்கறதில்ல. நேரா கட்டில் கம்பிப் பக்கம். எட்டு நிமிஷம், ஒம்பது நிமிஷம் அதுலயே நிக்கறான். அப்பறம் போயிடறான். போனு கூடப் பண்றதில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றதில்ல. ஞாயித்துக்கிழமை நான் ஊட்லதான் இருப்பேன், பாத்துக்குங்க.

எனக்கு உடனே பிடிபட்டுச்சு. தங்கவேலு. எங்ககிட்டத் தொழில் கத்துக்கிட்டு சூலூர்ல சொந்தமா பட்டறை போட்டவன். அவன்தான் அளவுப் படத்தைப் பாத்து அப்படியே அடிக்கறான். இல்லாட்டி எந்த மனுசனாவது ஒரு கம்பியைத் தினமும் ஒம்பது நிமிஷம் பாப்பானா? காதர் அண்ணன் சொன்னாரு, ஏம்மா, காப்பியடிக்கறவன் ஒரு நாள் பாத்தாப் போதுமே, எதுக்குத் தினமும் வர்றான்னு. நான் கேக்கல. ஒரு திங்கக்கிழமை அளவுப் படத்தை எடுத்துட்டேன். மறுநாளு அந்த ஆளு பதினாலு நிமிஷம் நின்னான். மேலயும் கீழயும் தேடியிருக்கான். தேடட்டும்டான்னேன். எனக்கு அன்னைக்கு மத்தியானம் சோறு நல்லா எறங்குச்சு.

புதன்கிழமை ஆர்டர் பக்கத்துல ஒண்ணு வந்து விழுந்துச்சு. காதர் அண்ணனுக்குக் கேக்கட்டும்னு நான் சத்தமா படிச்சேன். 'கட்டில்ல இருந்து நானா எந்திரிக்கோணும். வாயால கேட்டுப் பாத்துட்டேன். ஊட்ல காதுல போட்டுக்கல. அளவுப் படம் இருந்துச்சு, இப்பக் காணம். சட்டம் ரெண்டே கால் இஞ்சி. எடது கைக்கு வேணும்.' யாரோ பாவம், என்ன பொம்பளைங்களோ, வாயைத் தொறந்து கேட்டும் செஞ்சு குடுக்காதவங்கன்னு சொல்லிக்கிட்டே போன் நம்பரை அழுத்துனேன். ஆறாவது நம்பர்லயே கை நின்னுருச்சு. மாசாமாசம் நான் ரீசார்ஜ் பண்ற நம்பருங்க அது. என்ற பழைய போன். பாட்டு கேக்கட்டும்னு எங்க ஊட்டுக்காரருக்குக் குடுத்தது.

காதர் அண்ணன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. அவருக்குப் புரிஞ்சுருச்சு.

வீடு அடுத்த தெருதான். நடந்தேன். வீட்டு வேலைக்கு வர்ற பாப்பாத்தி தேங்காய் திருவிக்கிட்டு இருந்தா. இவர் தலைகாணியில சாஞ்சு உக்காந்திருக்காரு, எடது கையில போனு. நான் கேட்டேன், "ஏனுங்க, நீங்களா?"

அவர் ஒளிக்கல. "கேட்டேன் மணி"ன்னாரு, என்ற பேரைச் சொல்லி. குழறித்தான் வருது, ஆனா அது தெளிவா வந்துச்சு. "கம்பி கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன்."

கேட்டிருக்காருங்க. 'கம்பி, கம்பி'ன்னு சொல்லியிருக்காரு. எனக்குத் 'தம்பி'ன்னு கேட்டுச்சு. தம்பியைப் பாக்கோணும் போல இருக்குதுன்னு நான் ஒவ்வொரு தடவையும் கொழுந்தனாருக்குப் போன் போட்டு வரச் சொல்லுவேன். அந்த மனுசனும் கடையை உட்டுட்டு வந்து, அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து, ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துட்டு இருப்பாங்க. என்ற காதுல கோளாறு இல்லீங்க. நாக்குதான் அவருக்குச் சரியில்ல. யாரா இருந்தாலும் தம்பின்னுதான் கேக்கும்.

நான் அவர்கிட்டச் சொன்னேன், நீங்க நடந்துருவீங்க, கம்பி எல்லாம் எந்திரிக்கவே முடியாதவங்களுக்கு, அதை மாட்டிட்டா நீங்களும் அவங்கள்ல ஒருத்தர்னு ஆயிரும்னு. அவர் போனை என்ற கையில குடுத்தாரு. அதுல அந்தப் பக்கந்தான் தொறந்திருந்துச்சு. 'யாரோட கையையும் பிடிக்காம எந்திரிக்க.' நான் எழுதுனதுதான். அதை விரலால தொட்டுக் காட்டுனாரு.

தப்பு பண்ணிட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லவே மாட்டேன். ஒரு நாள் கூட அவரைக் கீழ உழுக உட்டதில்ல. புண்ணு வர உட்டதில்ல. கொழுந்தனார் கூட இதைக் கேள்விப்பட்டு, ஊரு கஷ்டமெல்லாம் படிச்சீங்க அண்ணின்னு ஆரம்பிச்சாரு. மிச்சத்தைச் சொல்ல உடலியே நானு. அடுத்த மாசம் நானே மாட்டியிருப்பேன். எண்ணம் இருந்துச்சு.

நாந்தான் டேப்பு புடிச்சு அளந்தேன். ரெண்டே கால் இஞ்சின்னு அவர் எழுதுனது சரியாத்தான் இருந்துச்சு. காதர் அண்ணன் வேற எல்லா வேலையையும் நிறுத்திட்டு ஒரே நாள்ல செஞ்சாரு. கைப் பிடிக்கற எடத்துல முனை தெரியாம தேச்சு, அவரே வந்து முடுக்கிக் குடுத்தாரு. முதலாளியோட முகத்தைப் பாக்காம முடுக்கிட்டு, பாக்காமயே போயிட்டாரு.

மொதத் தடவை முடியல. நான் கையைக் கொண்டு போனேன், வேண்டாம்னு தலையை ஆட்டுனாரு. ரெண்டாவது தடவையும் முடியல. மூணாவது தடவை எடது கையை இறுக்கிப் புடிச்சு, ஒரு மூச்சு உட்டு, எந்திரிச்சு நின்னுட்டாரு. அரை நிமிஷம் நின்னாரு. ஊன்றுகோலை எடுத்தாரு. செவுத்தோரமாவே காலை இழுத்து இழுத்து நடந்து பாத்ரூமுக்குள்ள போனாரு. நானும் பின்னாலயே போனேன். பதினாலு மாசமா அவரை அங்க கூட்டிட்டுப் போறது நாந்தான். கதவை நாங்க சாத்தினதே இல்ல, நான் உள்ளயே நிப்பேன்.

அன்னைக்குக் கதவைச் சாத்துனாருங்க. உள்ளே தாழ்ப்பாளைத் தேடற சத்தம் கேட்டுச்சு, எடது கையில்ல, கொஞ்ச நேரம் ஆச்சு. அப்பறம் தாழ்ப்பாள் விழுந்துச்சு.

நான் வெளிய நின்னேன். என்ற கை கதவுகிட்டப் போச்சு. வழுக்கிட்டா? தண்ணி இருந்துச்சுன்னா? அதுக்குள்ள பாப்பாத்தி தேங்காய்க் கையோட ஓடி வந்து, "அக்கா, தாழ்ப்பாள் போட்டுட்டாரு, தட்டட்டுமா"ன்னு கையைத் தூக்குனா.

"கையை எடுடி"ன்னேன். "அவரா தொறப்பாரு."